ராஜபார்ட்

பங்குனி, சித்திரை மாதங்களில் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து ஊர்ச் சுவர்களில் ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இசை நாடகத்தின் நோட்டீசுகளைப் பார்க்கலாம். ‘வள்ளி திருமணம்’ என்று தலைப்பு பெரிதாக இருக்கும். கீழே நடிகர்களின் படங்கள். முருகனாக இன்னார், வள்ளியாக இன்னார் என்று போடுவது குறைவு. ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் இன்னார், பபூன் இன்னார், ஆர்மோனியம் பின்பாட்டு இன்னார் என்றே பெயர்கள் அடுக்கியிருக்கும். கதையில் வரும் ஆளின் பெயரைவிட, நடிகருக்கு உரிய இடத்தின் பெயர்தான் சனங்களைக் கூட்டுகிறது.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழ் மேடையில் புழங்கும் இந்த ‘ராஜபார்ட்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால், நம் நாடகக்காரர்கள் பாத்திரம் என்பதை எப்படி எண்ணினார்கள் என்பது விளங்கும். பழைய இசை நாடகங்களில் ஆழமான பாத்திரப் படைப்பு இல்லை என்ற குறை அடிக்கடி எழுதப்படுகிறது. அந்தக் குறை தவறான அளவுகோலால் வந்தது என்பது என் கருத்து. சரியான அளவுகோலை நடிகர்களே தங்கள் தொழிற்சொல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் ‘பார்ட்’. இது ஆங்கிலச் சொல். லத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பங்கு, பகுதி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நாடகத்தில் ஒரு நடிகர் ஏற்கும் வேடத்தைக் குறித்தது. அப்படி ஆனதற்குக் கண்கூடான காரணம் உண்டு. சேக்ஸ்பியர் காலத்து லண்டன் கம்பெனிகளில் முழு நாடகத்தையும் எழுதி ஒவ்வொரு நடிகருக்கும் கொடுக்க மாட்டார்கள். அவரவர் பேச வேண்டிய வசனம் மட்டும், அதற்கு முன்னால் எதிராளி பேசி முடிக்கும் இரண்டு மூன்று சொற்களோடு, நீளக் காகிதத்தில் எழுதித் தரப்படும். நடிகர் கையில் இருப்பது நாடகத்தின் ஒரு பங்கு. மற்றதை மேடையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எட்வர்ட் ஆலன் என்ற பெரிய நடிகர் ஆர்லாண்டோ வேடத்துக்கு வைத்திருந்த அப்படிப்பட்ட ஏடு லண்டனிலுள்ள டல்லிச் கல்லூரியில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ‘ரோல்’ என்ற சொல்லும் அந்தக் காகிதச் சுருளிலிருந்தே பிறந்தது.

ஆகவே பார்ட் என்ற சொல்லுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. முழுமை ஒன்று இருக்கிறது, அதைப் பலர் பங்கிட்டுக்கொள்கிறார்கள், என் பங்கு இது என்பது அந்தக் கணக்கு. நம்மிடம் ஏற்கெனவே இருந்த இரண்டு சொற்களுக்கும் வேறு கணக்கு. ‘வேஷம்’ புறக்கோலத்தைச் சொல்கிறது. முகத்தில் அரிதாரம், தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி. கூத்தில் வேஷம் ‘கட்டுவது’ என்கிறோம். உடம்பின் மேல் ஏற்றிக் கட்டப்படுவது அது. ‘பாத்திரம்’ வடமொழியில் முதலில் கொள்கலம், பிறகு தகுதியுடையவர், நாட்டிய நூல்களில் ஆடுபவர். ஒன்றை உள்ளே ஏந்திக்கொள்ளும் கலம் என்ற எண்ணம் அதில் தங்கியிருக்கிறது. வேஷம் வெளியைப் பார்க்கிறது, பாத்திரம் உள்ளே பார்க்கிறது, பார்ட் பக்கத்தில் நிற்கும் சக நடிகரைப் பார்க்கிறது. மூன்றும் நடிப்பைப் பற்றிய மூன்று கொள்கைகள்.

மூன்றாவது கொள்கை இங்கே வேரூன்ற வழி வகுத்தது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. பார்சிக் கம்பெனிகள் சென்னை வரை வந்து ஆடின. எழுதிய திரைகள், பக்கத் தட்டிகள், ஆர்மோனியம், டிக்கெட் எல்லாம் அந்தக் காலத்தில் தமிழ் மேடைக்கு ஏறின. தஞ்சையில் கோவிந்தசாமி ராவ் மனமோகன நாடகக் கம்பெனியை நடத்தினார். 1891இல் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் குழு சென்னையில் தெலுங்கு நாடகங்கள் ஆடியதைப் பார்த்து எழுந்த ஊக்கத்தில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கினார்கள். மராத்தி மேடையிலும் இதே சொற்குடும்பம் இருக்கிறது; பெண் வேடத்தில் புகழ்பெற்ற பால கந்தர்வரைப் போன்ற நடிகர்களை அங்கே ‘ஸ்திரீ பார்ட்டி’ என்பார்கள். கம்பெனி என்ற அமைப்பு போன இடமெல்லாம் பார்ட் என்ற சொல்லும் போயிருக்கிறது. சம்பளம் பேச வேண்டும், ஆளைப் பிடிக்க வேண்டும், ஒருவர் விலகினால் இன்னொருவரை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். இதற்கெல்லாம் நாடகத்துக்கு நாடகம் மாறும் பாத்திரப் பெயர் உதவாது. எல்லா நாடகத்துக்கும் பொதுவான இடப்பெயர் வேண்டும்.

ஆனால் தொழில் வசதிக்காக மட்டும் ஒரு வெளிச்சொல் இவ்வளவு ஆழமாக ஒட்டிவிடாது. அது வந்து உட்கார இங்கே ஓர் இடம் ஏற்கெனவே இருந்தது. வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் ‘கட்டை வேஷம்’ என்று ஒரு பிரிவு உண்டு. மரத்தில் செதுக்கிய கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் கட்டி வரும் பெரிய வேஷங்கள் அவை. துரியோதனன் கட்டை வேஷம், கர்ணனும் கட்டை வேஷம். ஒரு நடிகரைக் கட்டை வேஷக்காரர் என்றும் இன்னொருவரைப் பெண் வேஷக்காரர் என்றும் ஊர் அடையாளம் காணும். கட்டியங்காரன் எந்தக் கதையிலும் கட்டியங்காரன்தான். பாரதமானாலும் இராமாயணமானாலும் திரைக்கு முன்னால் நின்று வருகிறவரை விசாரிப்பது அவன் வேலை. ஆக, கதைகளைக் கடந்து நடிகருக்கு ஒரு நிலையான இடம் உண்டு என்ற எண்ணம் கூத்தில் பழையது. கம்பெனிகள் அதற்குப் புதுப்பெயர் வைத்தன. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், பபூன். கள்ளனைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு பார்ட்டை ஆங்கிலத்தில் ஒட்டிய ‘கள்ளபார்ட்’ எவ்வளவு இயல்பாகக் காதில் விழுகிறது! பின்னாளில் சினிமாவுக்கு வந்த நடிகர் ஒருவர் கள்ளபார்ட் நடராஜன் என்றே டைட்டிலில் பெயர் போட்டுக்கொண்டார். அதை அவர் இழிவாக எண்ணவில்லை. மேடை கொடுத்த பட்டமாகச் சுமந்தார். பபூனும் வெளிநாட்டான்தான். இத்தாலியத்தில் ‘புஃபோனே’, பிரெஞ்சில் ‘புஃபோன்’, ஆங்கிலத்தில் ‘பஃபூன்’ என்று வந்து, நம் கோமாளியின் தலைப்பாகையை வாங்கிக்கொண்டு பபூன் ஆனான்.

இந்தப் பட்டங்களில் உச்சமானது ‘அயன் ராஜபார்ட்’. அயன் என்பதற்குப் பிரமன் என்று தமிழ் நிகண்டுகளில் பொருள் இருப்பதால் சிலர் அந்தப் பக்கம் போவார்கள். இங்கே உள்ள அயன் வேறு. அரபியில் ‘ஐன்’ என்றால் கண், ஒரு பொருளின் அசல், அதுவேயானது. பாரசீகம், இந்துஸ்தானி வழியாக வருவாய்க் கணக்குகளில் நுழைந்து தமிழில் ‘அயன்’ ஆயிற்று. இனாமோ ஜமீனோ ஆகாமல், நேராகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டும் நிலத்தை அயன் நிலம் என்றார்கள். திருநெல்வேலிச் சீமையில் ஜமீன் சிங்கம்பட்டி என்று ஓர் ஊர், அயன் சிங்கம்பட்டி என்று அதற்குப் பக்கத்து ஊர். கிராமக் கணக்கு இட்ட பெயர்கள் இன்றும் பஸ்ஸில் ஓடுகின்றன. அசல், முதன்மை என்ற அந்தப் பொருளோடுதான் அயன் மேடைக்கு வந்தது. ஒரு கம்பெனியில் ராஜ வேடம் போடுகிறவர்கள் இரண்டு மூன்று பேர் இருக்கலாம். அவர்களில் தலையாயவர் அயன் ராஜபார்ட்; அதேபோல் அயன் ஸ்திரீபார்ட்.

அயன் அரபி, ராஜ வடமொழி, பார்ட் ஆங்கிலம். மூன்றையும் சேர்த்துக் கட்டியவர்கள் தமிழ்ப் பாட்டுப் பாடி வசனம் பேசி ஊர் ஊராகப் போன நாடகக்காரர்கள். புலவர் எவரும் உட்கார்ந்து ஆக்கிய கலைச்சொல் இல்லை இது. வருவாய்க் கணக்கிலிருந்து ஒன்று, புராணத்திலிருந்து ஒன்று, கம்பெனியிலிருந்து ஒன்று என்று வாழ்க்கையில் காதில் விழுந்தவற்றைக் கொண்டு தங்கள் தொழிலுக்கு ஒரு பெயரைக் கட்டிக்கொண்டார்கள். சொல்லின் கலப்பைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள், அதற்குள்ளே வேலை செய்யும் தெளிவையும் பார்க்க வேண்டும்.

அந்தத் தெளிவு ‘ராஜ’ என்ற நடுச்சொல்லில் இருக்கிறது. ராஜபார்ட் என்றால் ராஜா வேடம் என்று எடுத்துக்கொண்டு நாடகங்களைப் பார்த்தால் கணக்கு உதைக்கும். ‘கோவலன்’ நாடகத்தில் முடி சூடி அரியணையில் இருப்பவன் பாண்டியன். ராஜபார்ட்டோ வணிகன் கோவலன். ‘சத்தியவான் சாவித்திரி’யில் ராஜபார்ட் நாட்டை இழந்து காட்டில் வாழும் இளைஞன். அல்லி கதையில் மதுரையை ஆள்கிறவள் அல்லி, கதையே அவளை அரசாணி என்கிறது. அவள் ஸ்திரீபார்ட். அவளை அடைய மாறுவேடம் பூண்டு அலையும் அர்ச்சுனன் ராஜபார்ட். எல்லாவற்றுக்கும் மேலாக ‘அரிச்சந்திரா’. நாடு, மனைவி, மகன் எல்லாம் போய், காசி மயானத்தில் பிணம் சுடக் காவல் நிற்கிற நிலையில்தான் அந்த ராஜபார்ட்டின் நடிப்பு உச்சத்துக்கு வருகிறது. மயான காண்டத்துக்காகவே விடிய விடிய உட்கார்ந்திருக்கிற கூட்டம் உண்டு. கிரீடத்தைக் கழற்றிய பிறகும் ஒருவனை ராஜா என்று சபை நம்ப வேண்டும். அதைச் செய்யத் தெரிந்தவர்தான் ராஜபார்ட்.

ஆகவே ராஜ என்பது கதைக்குள் இருக்கும் பதவி ஆகாது. மேடையில் ஒருவர் தாங்க வேண்டிய கனம் அது. உச்ச ஸ்தாயியில் பாடும் குரல், தர்க்கத்தில் மடங்காத நாக்கு, பத்து மணிக்குத் தொடங்கி விடியற்காலை வரை தளராத உடம்பு. கருப்பொருள் என்று நாம் ஆராயும் விஷயமும் இங்கேதான் திறக்கிறது. இழந்தும் இழக்காத பெருமை என்பது அரிச்சந்திரனின் கருப்பொருள் என்று பாடப்புத்தகம் எழுதும். ராஜபார்ட் என்ற சொல் அந்தக் கருப்பொருளை நடிகரின் உடம்பில் வைத்துச் சொல்கிறது.

‘வள்ளி திருமண’த்தை எடுத்துக்கொள்வோம். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நடிகர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்களும் அல்லர். தனித்தனியாகப் பேசிக் கூட்டிவரப்பட்டவர்கள், அன்றைக்கு அந்த மேடையில் சேர்கிறார்கள். நாடகத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் பாடல்கள் எல்லோருக்கும் பாடம். பாடலுக்கும் பாடலுக்கும் இடையே வரும் வசனம் அன்றிரவு பிறப்பது. பபூன் வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்குகிறார், டான்ஸ் வருகிறது, வள்ளி தினைப்புனத்துக்கு வருகிறாள், நாரதர் வந்து அவளோடு வாதாடுகிறார். நள்ளிரவு தாண்டியபின் ராஜபார்ட். வேலன், வேடன், விருத்தன் என்று முருகன் எடுக்கும் கோலங்கள். இடையில் வள்ளியின் சுற்றத்தார் வர, வேங்கை மரமாக நிற்பதும் உண்டு.

இங்கே பாத்திரம் யார்? முருகன் கடவுள். கடவுள் வேடனாக வருகிறான். வேடனாக நிற்பவன் கடவுள் என்பது சபைக்குத் தெரியும், வள்ளிக்குத் தெரியாது. மானைக் கேட்டு வந்த வேடனுக்கும் புனம் காக்கும் பெண்ணுக்கும் நடக்கும் தர்க்கத்தில் சாத்திரம், சாதி, ஆண் பெண் உறவு, சில ஊர்களில் அந்த வாரத்து அரசியல் வரை வந்துவிடும். ஸ்திரீபார்ட் ஒரு கேள்வியை எறிவார், ராஜபார்ட் அதைப் பாட்டாலோ வசனத்தாலோ பிடிக்க வேண்டும். பிடித்தால் கைதட்டல். தடுமாறினால் முன்வரிசைப் பெரியவர்களே எழுந்து கேட்பார்கள். வள்ளி அறிவுள்ளவள் என்று சுவடியில் எழுதியிருப்பதால் அவள் அறிவுள்ளவள் ஆகிவிடுவதில்லை. அந்த ஸ்திரீபார்ட் அன்றைக்கு ராஜபார்ட்டை எந்த அளவு திணறடித்தாரோ அந்த அளவுக்கு வள்ளி அறிவுள்ளவள். ஒருவர் பங்கின் உயரத்தை எதிர்ப்பங்கு தீர்மானிக்கிறது. பார்ட் என்ற சொல்லின் பழைய கணக்கு, லண்டனின் அந்தக் காகிதச் சுருளை அறியாத மேடையில், முழுப் பொருளோடு வாழ்வது இப்படித்தான்.

சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்க்கையும் இதற்குச் சாட்சி. 1867இல் தூத்துக்குடிக்குப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்தவர் அவர். நடிகராக அவர் பெயர் வாங்கியது எமன், சனீசுவரன், இரணியன் போன்ற உக்கிர வேடங்களில். ராஜபார்ட் பட்டத்தின் மேல் ஏறாமலே மேடையை ஆண்டவர். அவர் எழுதிய ‘சத்தியவான் சாவித்திரி’யில் சாவித்திரிக்கும் எமனுக்கும் நடக்கும் வாதமே நாடகத்தின் முதுகெலும்பு, அந்தக் கட்டத்தில் ராஜபார்ட் உயிரற்றுக் கிடக்கிறான்! பட்டத்தின் கனமும் காட்சியின் கனமும் வேறு வேறு என்பதை நடித்துப் பார்த்தவர் எழுதிய எழுத்து அது. 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கியபோது டி.கே.எஸ். சகோதரர்கள் அவரிடம் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களில் சின்னப் பையன் சண்முகத்தின் திறமையைப் பார்த்து, அவனுக்காகவே ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதிக் கொடுத்தார் என்பது நாடக உலகம் இன்றும் பெருமையோடு சொல்லும் செய்தி. எழுதி முடித்த பாத்திரத்துக்கு ஆள் தேடிய கதை இல்லை இது. ஆளைப் பார்த்துப் பங்கு பிறந்தது.

இப்படிச் சிறுவர்களைக் கொண்டு நடந்த பாய்ஸ் கம்பெனிகளில் இந்தப் பங்குக்கு ஒரு கொடுமையான எல்லையும் இருந்தது. பையன்களின் குரல் உடையும் பருவத்தை ‘மகரக்கட்டு’ என்பார்கள். நேற்றுவரை ஸ்திரீபார்ட்டாகக் கொண்டாடப்பட்டவன் மகரக்கட்டு வந்ததும் மேடையின் ஓரத்துக்குப் போவான். குரல் மறுபடி கூடினால் ராஜபார்ட் ஆகலாம், கூடாவிட்டால் எடுபிடி வேலை. சிவாஜி கணேசன் சிறுவயதில் சீதை வேடம் கட்டித்தான் தொடங்கினார். ராஜபார்ட் என்ற சொல்லில் எத்தனை பையன்களின் ஆசையும் பயமும் ஏறியிருக்கும் என்பதை மகரக்கட்டு என்ற பக்கத்துச் சொல் சொல்லிவிடுகிறது.

அந்தப் பங்கு ஆணுக்கு மட்டும் உரியதாகவும் நிற்கவில்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே கொண்டு கம்பெனி நடத்தினார். அங்கே ஆண் வேடங்களையும் பெண்களே கட்டினார்கள். கே.பி.சுந்தராம்பாளும் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவும் மேடையில் பாட்டுக்குப் பாட்டு நின்ற காலத்தை, எது யாருடைய பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாத காலம் என்பார்கள். 1933இல் கிட்டப்பா இளவயதில் மறைந்தபின் எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சுந்தராம்பாள் உறுதி கொண்டார். 1935இல் வந்த ‘நந்தனார்’ படத்தில் அவர் ஏற்றது நந்தனார் வேடத்தையே. கதையின் முதல் ஆண்மகனை, அடக்கப்பட்ட ஒரு பக்தனை, ஒரு பெண் குரலில் தாங்கினார். குரலின் கனம்தான் ராஜபார்ட் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

சினிமா வந்தபோது முதலில் நாடகத்தை அப்படியே தூக்கிக்கொண்டது. எம்.கே.தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் மேடையில் ஆடிய ‘பவளக்கொடி’ 1934இல் படமானது. ஆனால் காமிரா முகத்துக்குப் பக்கத்தில் போனதும் கதாநாயகன், கதாநாயகி, வில்லன் என்ற சொற்கள் ஆட்சிக்கு வந்தன. பங்கு என்ற எண்ணம் பின்னால் போயிற்று, தனிமனிதன் முன்னால் வந்தான். 1973இல் பி.மாதவன் இயக்கிய ‘ராஜபார்ட் ரங்கதுரை’யில் சிவாஜி ஏற்ற நாடக நடிகர் ஹாம்லெட்டாகவும் பகத்சிங்காகவும் மேடையேறுவார். அந்தப் படத்துத் தலைப்பில் ராஜபார்ட் பட்டமாக இருக்கிறது, கூடவே விட்டுப்போன ஓர் உலகத்தின் அடையாளமாகவும் இருக்கிறது. 2014இல் வசந்தபாலனின் ‘காவியத்தலைவன்’ அந்தப் பட்டத்துக்காக இரு நடிகர்களுக்குள் மூளும் பகையையே கதையாக்கியது. சினிமா இந்தச் சொல்லை ஒரு ஆளின் வெற்றியாக மட்டும் புரிந்துகொண்டது. மேடையில் அதற்கு இருந்த பொருள் இன்னும் அகலமானது.

நாடக விமர்சனமும் சினிமா போன பாதையில் போனது. எழுதிய பிரதியை வைத்துக்கொண்டு, இந்தப் பாத்திரத்துக்கு மன வளர்ச்சி உண்டா, முரண் உண்டா என்று கேட்கிறோம். எழுத்தில் முழுதாக வடித்த நாடகங்களுக்கு இந்தக் கேள்வி பொருந்தும். பங்கு முறையில் நடக்கும் இசை நாடகத்தை இதே கேள்வியால் அளந்தால் வேடனும் வள்ளியும் தட்டையாகத்தான் தெரிவார்கள். அவர்களின் ஆழம் ஏட்டில் இல்லை, இரண்டு பங்குகள் மோதும் நேரத்தில் இருக்கிறது. அரிச்சந்திரனின் மன வளர்ச்சி அவனுடைய வசனத்தில் சில வரிதான். அதை மயானத்தில் ஒரு ராஜபார்ட் எந்த ராகத்தில் எடுத்தார், எங்கே பாட்டை நிறுத்தி மௌனமாக நின்றார், சந்திரமதியின் புலம்பலுக்கு எப்படி முகம் கொடுத்தார் என்பதில்தான் மற்றதெல்லாம்.

எனவே ஒரு வேண்டுகோள். ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றி எழுதப்போகிறவர்கள் கதைச்சுருக்கத்தோடு நின்றுவிட வேண்டாம். ஒரே ஸ்திரீபார்ட் மூன்று வெவ்வேறு ராஜபார்ட்டுகளோடு வள்ளியாக நின்ற மூன்று இரவுகளைப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேடன் தர்க்கத்தில் எந்தக் கேள்வி மரபாக வந்தது, எது அன்றைக்குப் பிறந்தது என்று பிரித்து எழுதுங்கள். ஆர்மோனியக்காரர் எந்த இடத்தில் சுருதியால் தாங்கினார், பபூன் எந்த இடத்தில் உள்ளே புகுந்து காப்பாற்றினார் என்பதையும் சேருங்கள். ஊர்த் திருவிழாக்களில் இன்றும் ஆடும் இந்த நடிகர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் உட்கார்ந்து பார்ட் என்றால் என்ன என்று கேட்க வேண்டும். தமிழில் நடிப்புக் கலைக்கு ஒரு கோட்பாடு எழுதப்படுமானால், அதன் முதல் அத்தியாயத்துக்கு இந்தச் சொல்லே தலைப்பாகத் தகும்.